எரிந்த நூலகமும் பூட்டிக்கொண்ட நூலகமும்

வீட்டு வரி ரசீது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் ‘நூலக வரி’ என்று ஒரு கணக்கு இருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலகத்துக்கென்றே வசூலாகிறது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாடு இது. ஊர் நூலகத்தில் காலே வைக்காதவரும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தப் பணத்தில் எதை வாங்குவது? காகிதப் புத்தகமா, மின்நூலா?

“எல்லாமே போன்ல இருக்கே, லைப்ரரிக்கு எதுக்குப் புத்தகம்?” என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். “ஸ்கிரீன்ல படிச்சா படிச்ச மாதிரியே இல்லப்பா” என்பது தாத்தாக்களின் கட்சி. இரண்டு தரப்பும் பேசுவது வாசிக்கும் சுகத்தைப் பற்றி. நூலகத்தின் கவலை வேறு. இன்று வாங்கியது 50 வருடம் கழித்து வருகிறவர் கைக்குக் கிடைக்குமா என்பதுதான் அது.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் போயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், கட்டினார்கள். வேறு பிரதி இல்லாத ஏட்டை எங்கே போய்த் தேடுவது? 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இன்றுவரை ஏற்றிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு பழைய இதழை டொரன்டோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போனிலேயே புரட்டலாம். இனி ஒரு தீக்குச்சியால் அதை அழிக்க முடியாது.

அப்படியென்றால் மின்வடிவம்தான் பத்திரம் என்று தோன்றும். லண்டனில் நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

2023 அக்டோபர் கடைசியில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளுக்குள் இணையக் கொள்ளையர்கள் புகுந்தார்கள். பணம் கேட்டார்கள். நூலகம் கொடுக்க மறுத்தது. கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை, புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. ஆனால் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் கணினியில் அல்லவா இருந்தது! தேடிப் பார்க்க ஒரு பட்டியல் இணையத்துக்குத் திரும்பவே 2024 ஜனவரி ஆகிவிட்டது. பிரிட்டனில் ஒவ்வொரு பதிப்பாளரும் சட்டப்படி அந்த நூலகத்துக்கு ஒரு பிரதி தரவேண்டும். 2013 முதல் அதை மின்வடிவில் தரவும் வழி உண்டு. அப்படி மின்வடிவில் மட்டுமே வந்து சேர்ந்தவை மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தன.

கொள்ளையன் வராவிட்டாலும் சிக்கல் உண்டு. மின்நூலை நூலகம் பெரும்பாலும் ‘வாங்குவது’ இல்லை. வாடகைக்கு எடுக்கிறது என்பதே சரி. 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் அமெரிக்க நூலகங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது. ஒரு மின்நூலை 26 முறை இரவல் கொடுத்தால் உரிமம் தீர்ந்துவிடும், பிறகு மறுபடி காசு. காகிதப் புத்தகம் என்றால் கிழிந்த அட்டைக்கு பைண்டிங் போட்டு 27-வது ஆளிடம் நீட்டிவிடலாம். நம்மூர் நூலகங்களில் ஐந்தாறு பைண்டிங் கண்ட நாவல்கள் சர்வசாதாரணம்.

சரி, இரண்டையும் சேர்த்து நடத்துவது எப்படி? சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. செட்டிநாட்டின் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கப் பழைய தமிழ் அச்சுப் பொருள்களைச் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. அங்கே பழைய நூல்களை மைக்ரோஃபிலிமில் படம் எடுத்தார்கள். பின்னாளில் கணினிக்கும் மாற்றினார்கள். முறையாக வைத்தால் ஃபிலிம் நூற்றாண்டுகள் தாங்கும். அதைப் படிக்க பாஸ்வேர்டு வேண்டாம், வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். பழுப்பேறி நொறுங்கும் மூலப் பிரதியை ஆள் மாற்றி ஆள் புரட்ட வேண்டியதில்லை, அதற்காகத் தூக்கிப் போடவும் இல்லை. பணக்கார ஏற்பாடுதான். ஒரு கிளை நூலகத்தால் இது முடியாது.

கிளை நூலகத்துக்கு வேறு கணக்கு. போட்டித் தேர்வு நடப்பு நிகழ்வுகள் அடுத்த வருடமே பழசாகிவிடும். அதை அலமாரியில் அடுக்குவதைவிட வைஃபை கொடுப்பது லாபம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்கள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலகர் அந்த முகவரியை எழுதி ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. குழந்தைகளின் படக்கதைகளுக்குக் காகிதம்தான் சரி. நான்கு பிள்ளைகள் ஒன்றாகக் குனிந்து பார்க்க ஆறு அங்குலத் திரை போதாது.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது உள்ளூர்ச் சரக்கு. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூடத்தின் பொன்விழா மலர், ரிடையர்டு வாத்தியார் ஒருவர் சொந்தக் காசில் அச்சடித்த ஊர் வரலாறு. சில நூறு பிரதிகளோடு தீர்ந்துபோகும் இவற்றுக்கு எந்தக் கம்பெனியும் மின்நூல் போடாது. பதிப்பித்தவர் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது என்றாலும், மலர் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்த ஊர்க் கிளை நூலகம் இரண்டு பிரதி கேட்டு வாங்கி, ஒன்றை பீரோவில் வைத்து, இன்னொன்றை ஸ்கேன் செய்யலாம். செலவு அதிகமில்லை. வீட்டில் அப்படி ஒரு மலர் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரர் வருவதற்குள் எடுத்து வைப்பது நல்லது.