ஹஜ்ஜியைத் தேடிப் போனேன், ஜெனரல் வந்தார்

கெம்பஸில் ஒரு சிங்கள நண்பன் பகிடியாகத்தான் கேட்டான்: "வெல்லஸ்ஸயில வெள்ளைக்காரனுக்கு உதவின ஹஜ்ஜி உங்கட ஆள்தானே?" எனக்குப் பதில் வரல்ல. அந்தக் கதையே தெரியாது. கல்முனையில் பஸ் ஏறி அம்பாறை, சியம்பலாண்டுவ தாண்டினால் வருவதுதான் பழைய வெல்லஸ்ஸப் பக்கம். அவ்வளவு கிட்ட!

வாசிக்கத் தொடங்கினேன். ஹஜ்ஜிக்குப் பின்னால் ஜெனரல் ரொபர்ட் பிரவுன்றிக் நின்றார்.

அயர்லாந்தில் பிறந்தவர். 1775இல் படையில் சேர்ந்தார். 1803இல் முழுப் பிரித்தானிய இராணுவத்துக்கும் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல். 1809இல் வால்கெரன் படையெடுப்புக்கும் போனார். அங்கே சண்டையில் செத்தவர்களை விடக் காய்ச்சலில் செத்தவர்கள் பல மடங்கு. ஒரு கூட்டத்தைத் துவக்கு இல்லாமலும் அழிக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

1812இல் இலங்கைக்கு ஆளுநராக வந்தார். 1815இல் கண்டி அவர் கைக்குப் போனது. அடுத்த வருடம் பாரனெட் பட்டம்.

வெல்லஸ்ஸ முஸ்லிம்கள் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குப் போய் வந்தவர்கள். அவர்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹஜ்ஜி மரிக்காரை முகாந்திரமாக வைத்தது ஆங்கில நிர்வாகம். திசாவைக்கு அது பெரிய அவமானம். 1817இல் கலகம் வெடித்தது. ஹஜ்ஜியைப் பிடித்துக் கொன்றார்கள். பதுளையிலிருந்து போன வில்சன் என்ற அதிகாரியும் அம்பு பட்டுச் செத்தார்.

பிரவுன்றிக்கின் படை ஊர்களை எரித்தது. நெல்லையும் மாடுகளையும் அழித்தது. இந்நாட்டவர்கள் ஒருவேளை 10,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டவர், இங்கே அவரோடு இருந்த வைத்தியர் ஜோன் டேவிதான்.

1819இல் பிரவுன்றிக் முழு ஜெனரலானார். கண்டி மன்னரின் முடியும் செங்கோலும் கொடியும் அவருடைய குடும்பச் சின்னத்தில் ஏறின. 1833இல் பிரித்தானியாவில் காலமானார். வெல்லஸ்ஸ கருகிக் கிடந்தது. எங்களுக்கு மிஞ்சியது 200 வருடம் கழித்தும் கேட்கப்படும் அந்தக் கேள்வி.

ஹஜ்ஜி செய்தது சரி என்று நான் சொல்ல வரல்ல. அவர் ஒரு பதவியை ஏற்றார், உயிரைக் கொடுத்தார். ஆனால் அந்தப் பதவியை உண்டாக்கி, பக்கத்து வீட்டுக்காரர்களை எதிரெதிரே நிறுத்திய ஆட்சிக்குத் தலைவர் யார்?

அடுத்த முறை நண்பனிடம் சொல்வேன்: "ஓம் மச்சான், ஹஜ்ஜி எங்கட ஆள்தான். ஆனா கதையை பிரவுன்றிக்கிட்ட இருந்து தொடங்கு."