தள்ளி நில்லுங்கம்மா

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சந்துகளில் வீடு எது, பட்டறை எது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. தெருவைப் பார்த்த முன்னறையில் லேத், அதற்குப் பின்னால் சமையலறை, மாடியில் படுக்கை. வாசலில் மரக்கதவுக்குப் பதில் இரும்பு ஷட்டர். எங்கள் வீடும் அப்படித்தான். அப்பா இருந்தவரை அந்த முன்னறையில் பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தார். அவர் போனபின் அம்மா லேத்தை விற்று, அதே இடத்தில் இரண்டு பெரிய கிரைண்டர்களைப் போட்டார். காலை ஆறு மணிக்குள் ஐந்து டீக்கடைகளுக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் மாவு போய்ச் சேர வேண்டும். கொண்டுபோவது அம்மாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். அதுவும் இரவில் ஷட்டருக்குள்தான் நிற்கும்.

போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை, அம்மா ஷட்டரை நெஞ்சளவு தூக்கியபோது மேலே பெட்டிக்குள் டமார் என்று ஒரு சத்தம். அடுத்த கணம் ஷட்டர் முழுவதும் இறங்கித் தரையில் மோதியது. அம்மா அதற்குள் கையை எடுத்திருந்தார். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நான் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தேன். "ஸ்பிரிங் போயிருச்சு கண்ணு" என்றார், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில்.

ஷட்டரைத் தூக்குவது நம் கை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்பதடி அகலம், எட்டடி உயரம் உள்ள இரும்புப் பட்டைகள் எண்பது கிலோவுக்குக் குறையாது. மேலே குறுக்காக ஒரு பைப் ஓடுகிறது. அதன்மேல் சக்கரங்கள், சக்கரங்களுக்குள் சுருட்டிய ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பில் மாட்டியிருக்கும், மறு முனை சக்கரத்தில். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்குதான் எடையைத் தாங்கி மேலே இழுக்கும். நம் கை செய்வது ஒரு சின்ன உதவி. பைப்பை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கிளாம்பை விவரம் தெரியாமல் தளர்த்தினால், சேர்த்துவைத்த முறுக்கெல்லாம் ஒரே மூச்சில் அவிழும். கையில் பிடித்திருக்கும் பைப் ரெஞ்ச் மணிக்கட்டை உடைத்துவிடும். வெளிநாடுகளில் கார் ஷெட் கதவுக்கு மேலே போடும் ஸ்பிரிங்குக்கும் இதே கதைதான். பழகாதவர்கள் தொடக் கூடாது என்று அங்கேயும் எச்சரிக்கிறார்கள். ஆபத்து உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் மாவு காத்திருக்காது. பின்பக்கமாக வண்டியை எடுக்க வழியில்லை. சமையலறையில் மூன்று படி. அம்மா எதிர்வீட்டு அக்காவையும் அவர் மருமகளையும் எழுப்பினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். மீதி ஸ்பிரிங்குகள் வேலை செய்துகொண்டிருந்ததால், கனத்தாலும் ஏறியது. இடுப்பளவு ஏறியதும் இரண்டு ஓரத்திலும் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தார் அம்மா. பிறகு இன்னும் கொஞ்சம், இன்னும் நீளமான கட்டை. "கட்டை நிக்காம ஒருத்தரும் கீழ குனியக் கூடாது" என்பது மட்டும்தான் அவர் போட்ட சட்டம். எக்ஸ்.எல். வெளியே வந்தது. ஐந்தே முக்காலுக்கு மாவு போய்விட்டது.

எட்டு மணிக்கு ஷட்டர் மெக்கானிக்குக்கு போன் போட்டார். அகலம், உயரம், எந்தப் பக்கம் சத்தம் வந்தது, எவ்வளவு தூக்கியபோது வந்தது, எல்லாம் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா குடுங்கம்மா" என்றார். பெங்களூரில் இருக்கும் என் தம்பியின் எண்ணை வாங்கிக்கொண்டார். இந்த ஷட்டரைத் தம்பி கடைசியாகத் தூக்கியது பொங்கலுக்கு வந்தபோது. அரை மணி நேரத்தில் தம்பி எங்களைக் கூப்பிட்டான்: எல்லா ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும், பட்டையும் சிலது போயிருக்கும், ஒன்பதாயிரம் ஆகுமாம், சரி என்று சொல்லிவிட்டேன். ஷட்டரை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை.

மெக்கானிக் பத்தரைக்கு வந்தார். கூட ஒரு பையன். பதினாறு வயது இருக்கலாம், மீசை அரும்பியிருந்தது. ஏணி போட்டு மேல் தகட்டைக் கழற்றினார்கள். அம்மா பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தார். "தள்ளி நில்லுங்கம்மா, பொம்பளைங்க நிக்கிற எடமில்லீங்க. தெறிச்சா கண்ணு போயிரும்." அம்மா இரண்டடி பின்னால் வந்தார். பையன் அங்கேயே, நேர் கீழே, ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது இதுதான். தெறித்தால் அவன் கண்ணும் போகும். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆபத்தான இடம், பதினாறு வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. அங்கே நின்று நின்றுதான் அவன் மெக்கானிக் ஆவான். அந்த மெக்கானிக்கும் அப்படி நின்றவராகத்தான் இருப்பார்.

இது ஏதோ ஒரு மெக்கானிக்கின் குணம் என்று விட்டுவிட முடியவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவைப் படித்திருக்கிறீர்களா? ஓடிக்கொண்டிருக்கும் விசை இயந்திரத்தைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ பெண்களையும் இளவயதினரையும் அனுமதிக்கக் கூடாது என்றது அது. 27-ஆவது பிரிவு, பஞ்சு அழுத்தும் ஆலையில் பஞ்சுப் பொதி பிரிக்கும் இயந்திரம் ஓடும் பகுதியில் பெண்களையும் குழந்தைகளையும் வைக்கக் கூடாது என்றது. பஞ்சால் வளர்ந்த ஊர் இது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் வரிசையாக மில்கள். வளர்ந்த பெண்ணையும் குழந்தையையும் ஒரே வரியில் உட்கார வைத்த சட்டத்தில், நடைமுறையில் பையனுக்கான தடை காற்றில் போனது. பெண்ணுக்கான தடை மட்டும் பழக்கமாகி, சட்டமே தெரியாத ஒரு சந்து வரைக்கும் வந்து நிற்கிறது.

இரவு வேலைக்குப் பெண்களை விடாத 66-ஆவது பிரிவின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்றது. அதன்பிறகு இரவு ஷிஃப்ட்டில் எத்தனையோ பெண்கள் நூல் இழை முடிந்துகொண்டு நிற்கிறார்கள். மெஷின் நின்றால் ஃபிட்டரைக் கூப்பிடுகிறார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்த மில்களில் ஃபிட்டர் ஒருவரும் பெண் இல்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் உரிமை முதலில் வந்துவிட்டது, ஸ்பேனர் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு முறுக்கு என்றால் என்னவென்று தெரியாதா? கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றியவர். செம்புக் கம்பியை எவ்வளவு இழுத்துப் பிடித்தால் அறுக்காமல் இறுகும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். சுற்று எண்ணிக்கை ஒன்று குறைந்தால் மோட்டார் சூடாகும், அதனால் எண்ணிக்கொண்டே பேசவும் தெரியும். அதற்குப் பெயர் "பொம்பளை வேலை". அதே மோட்டாரைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்குப் பெயர் மெக்கானிக் வேலை, கூலி வேறு. கிரைண்டரையே பாருங்கள். 1955-இல் இதே கோவையில் பி. சபாபதி அதை உருவாக்கியதால் எத்தனையோ பெண்களின் தோள் பிழைத்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெல்ட் அறுந்தால் ஆள் வரும்வரை அரிசி ஊறிக்கொண்டே கிடக்கிற வீடுகள்தான் அதிகம்.

அம்மா தள்ளி நின்ற இடத்திலிருந்தே கேட்க ஆரம்பித்தார். "ஏனுங் தம்பி, ஒண்ணுதான ஒடஞ்சிருக்குது?" ஆமாம். "பட்டை?" பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. "அப்ப ஒம்பதாயிரம் எதுக்குங்?" மெக்கானிக் இறங்கி வந்தார். உடைந்த ஸ்பிரிங்கைக் காட்டி, எல்லாம் ஒரே வயசு, ஒன்று போனால் மற்றதும் ஆறு மாதத்தில் போகும், ஒரே நேரத்தில் மாற்றினால்தான் இழுவை சமமாக இருக்கும் என்றார். உடைந்த இடத்தில் துரு உள்வரைக்கும் ஏறியிருந்தது. அம்மா விரலால் தடவிப் பார்த்தார். "இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன்ங்." ஸ்பிரிங்குகளுக்கும் கூலிக்கும் மட்டும் பேசி ஐயாயிரத்து இருநூறில் முடிந்தது. தம்பியிடம் பிறகு சொன்னோம்.

புது ஸ்பிரிங் ஏறியதும் மெக்கானிக் ரெஞ்சால் பைப்பை முறுக்க, பையன் கிளாம்பைப் பிடித்தான். அம்மா உதட்டை அசைத்து எண்ணினார். கடைசியில் சுவரில், அப்பா கணக்கு எழுதும் இடத்தில், தேதியையும் சுற்றின் எண்ணிக்கையையும் சாக்பீஸால் எழுதிவைத்தார். மெக்கானிக் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவராகவே, ஷட்டரைப் பாதியில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும், தானாக இறங்கினால் முறுக்கு தளர்ந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தார். அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மா மூன்று முறை கேட்டார்.

இப்போது எதிர்வீட்டு அக்கா தன் ஷட்டர் கனக்கிறது என்று கூப்பிட்டால் அம்மா போகிறார். பாதி தூக்கி, கையை லேசாக எடுத்து, ஓரமாக நின்று பார்க்கிறார். எதிர்வீட்டு மருமகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார்.