பித்தளை வில்லையும் பொது நூலகமும்

மனித முகத்தைப் படமெடுப்பதை இலகுவாக்கியவர் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால். 1840இல் அவர் கணக்கிட்டு வடிவமைத்த வில்லை முன்னையவற்றைவிடப் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டது. அதுவரை படத்துக்கு அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது.

பித்தளைக் குழலில் அமைந்த அந்தப் பழைய வில்லைகள் இன்று சேகரிப்போரின் செல்வம். 2013இல் லோமோகிராஃபி நிறுவனம் அதே பாணியில் 85 மில்லிமீற்றர் வில்லையொன்றை இக்காலக் கமராக்களுக்குப் பொருந்துமாறு அறிமுகப்படுத்தியது. நண்பரொருவர் தம்முடையதை இரவல் தந்தார். என் நிக்கொன் எஃப்.எம்.2 கமராவில் அதைப் பூட்டி, ஒரு சுருள் கறுப்பு வெள்ளைப் பிலிமுடன் யாழ்ப்பாணத் தெருக்களில் இறங்கினேன்.

இவ்வில்லையில் படத்தின் நடுப்பகுதி கூர்மையாக விழும். ஓரங்கள் குழைந்து சுழலும். பின்னால் பனை நின்றால் ஓலைகள் முகத்தைச் சுற்றி வட்டமிடுவது போலிருக்கும். ஒளியைக் குறைக்கத் துளையிட்ட தகடுகளைக் கையால் செருக வேண்டும். சிறு துளைத் தகட்டைச் செருகினால் சுழற்சி மறைந்துவிடும். செருகாவிடிலோ, 400 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு நம்மூர் உச்சி வெயிலில் ஒரு செக்கனின் 4000இல் ஒரு பங்கு வேகமும் போதாது. ஆகவே மாலை வரை காத்திருந்தேன்.

பொது நூலக வளவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் படத்துக்கு இசைந்தார். பித்தளையைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது பழசோ, புதுசோ?"

"பழசைப் பார்த்துச் செய்த புதுசு, மாஸ்டர்."

அவர் திரும்பி வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினார். "அப்ப உதுவும் அப்பிடித்தான்."

1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 ஜூன் முதலாம் திகதி எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பழைய சாயலிலேயே மீளக் கட்டப்பட்டு 2003இல் மீண்டும் திறந்தது. இன்று பிள்ளைகள் அங்கே அமர்ந்து படிக்கின்றனர். அது சிறு பேறன்று. ஆயினும் வேறு பிரதியில்லாத சுவடியை எந்தக் கொத்தனாரும் மீளக் கட்ட முடியாது.

மாஸ்டருக்கும் அத்தகைய இழப்பொன்று உண்டு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது தந்தையாரின் ஒரேயொரு படம் வீட்டுச் சுவரிலேயே தங்கிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது சுவரும் இல்லை.

பெட்ஸ்வாலும் இத்துயரை அறிந்தவர். 1859இல் அவர் வீட்டுக்குள் புகுந்தோர், அவர் பல்லாண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளை அழித்தனர். அவற்றை அவரால் மீள எழுத முடியவில்லை. அவருடைய வில்லைகளோ அதற்குள் பல நாடுகளில் பலர் கைகளுக்குப் போயிருந்தன. அதனாலேயே அந்த வடிவம் பிழைத்தது. என் கைக்கும் வந்தது.

செய்திப் படத்துக்கு இவ்வில்லை உதவாது. முகத்துக்கு உதவும். கழுவியெடுத்த பிலிமில் மாஸ்டரின் கண்கள் தெளிவாக விழுந்திருந்தன. பின்னாலிருந்த குவிமாடம் சற்றே கரைந்திருந்தது. இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்று அவருக்கு, மற்றையது ரொறன்ரோவில் உள்ள மகளுக்கு.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் எடுத்த பழைய படம் ஒன்றேனும் உங்கள் பெட்டியில் இருக்கக்கூடும். பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் குறியுங்கள். நகலெடுத்து இன்னொரு வீட்டிலும் வையுங்கள்.