கடல்குதிரை: ஒரு சந்திப்பு

கடல்குதிரை எனக்கு முதலில் பரிச்சயமானது ஒரு பிஸ்கட் டப்பாவில். மாமா கரையோரக் கிராமங்களில் சங்கும் கடலட்டையும் வாங்கி விற்றவர். மடியில் தற்செயலாகச் சிக்கும் குதிரைகளையும் எடைபோட்டு வாங்குவார். வெயிலில் காய்ந்து, சாம்பல் பூத்து, வால் சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அவை டப்பாவில் கிடக்கும். சீன வைத்தியத்துக்குப் போகிறது என்பார். எதற்கான வைத்தியம் என்பதை என் எதிரில் சொல்லமாட்டார். என் கல்லூரிக் கட்டணத்தில் இரண்டு வருஷம் அந்த டப்பாவிலிருந்து வந்தது. 2001-இல் கடல்குதிரையையும் கடலட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். "புலிக்கும் இதுக்கும் ஒரே சட்டமாடா?" என்று மாமா கேட்டார். நான் படித்தவனாகையால் அவருக்கு நீண்ட பதில் ஒன்று சொன்னேன். அந்தப் பதிலின் செலவை அவர் கொடுத்திருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு எழுதிய ஒரு கவிதையில் அந்தக் குதிரை வந்தது. சதுரங்கக் குதிரை, அய்யனார் கோயில் மண்குதிரை இவற்றோடு அதையும் நிறுத்திவிட்டுப் படிமம் என்று நம்பினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அவர்களும் பார்த்ததில்லை. நம் புதுக்கவிதையில் கடலுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் கரையில் செருப்போடு நின்று பார்த்த கடல். பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். அந்தக் கொம்பு எதற்கும் குறியீடாக அங்கே வரவில்லை. மணலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியில் பாக் விரிகுடாவில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கினேன். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே. அதற்குமேல் இடம் சொல்லப்போவதில்லை. நாலு மீட்டர் ஆழத்துக்கு இவ்வளவு சுமையா என்று கரையில் ஒரு பெரியவர் சிரித்தார். நியாயமான சிரிப்புதான். ஆனால் முக்குளிப்பவன் மூச்சுக்காக மேலே வந்தே ஆகவேண்டும். சிலிண்டர் இருந்தால் தரையில் வயிற்றை வைத்து, அரைமணி நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். தண்ணீர் தெளிவாக இல்லை. கைநீளத்துக்கு அப்பால் பச்சை மங்கல். எங்கோ விசைப்படகின் எஞ்சின் சத்தம். எந்தத் திசை என்று நீருக்கடியில் காதால் சொல்ல முடியாது.

கூட்டிப்போன பையன் ஒரு காலத்தில் அட்டைக்கு முக்குளித்த குடும்பம். கடற்புல் நடுவே ஒற்றை விரலை நீட்டினான். நான் புல்லைத்தான் பார்த்தேன். சற்று நேரம் கழித்துப் புல்லில் ஒரு கண் அசைந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் தனித்தனியாகத் திரும்புகின்றன.

உருவம் டப்பாவில் இருந்த அதே உருவம். அதற்குச் செதில் கிடையாது. தோலுக்கடியில் எலும்பு வளையங்கள். அதனால் செத்து உலர்ந்தாலும் வடிவம் குலையாது. இத்தனை வருஷம் ஏமாந்தது இதனால்தான். வடிவம் முழுசாக இருந்ததால் வேறொன்றும் பாக்கியில்லை என்று நினைத்துவிட்டேன். டப்பாவில் முதுகுத்துடுப்பு உலர்ந்த காகிதமாக ஒட்டியிருக்கும். இங்கே அது நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் துடிக்கிறது. கண்ணுக்குத் துடிப்பு தெரியவில்லை, முதுகருகே தண்ணீர் லேசாகக் கலங்குவதுதான் தெரிகிறது. நிறம் மஞ்சளா பழுப்பா என்று தீர்மானிக்கமுடியவில்லை. வயிற்றுப்பை உப்பியிருந்தது. ஆண். முட்டையைச் சுமப்பதும் பெறுவதும் ஆண்தான். இரைப்பை இல்லாத ஜீவன், ஆகையால் ஓயாமல் தின்றுகொண்டிருக்க வேண்டும். குழல்மூக்கு ஒருமுறை சொடுக்கியது. வால் புல்லைப் பற்றியிருக்கவில்லை. அறுந்த நைலான் வலையின் ஒரு துண்டைச் சுற்றியிருந்தது.

காமிராவை எடுத்தேன். பையன் என் மணிக்கட்டைப் பிடித்தான். படகில் ஏறியதும் சொன்னான்: "படம் போட்டீங்கன்னா இடம் கேப்பாங்க சார். நீங்க சொல்லமாட்டீங்க. பின்னாடி தெரியிற பாரைச் சொல்லிடும்."

அடுத்த வாரம் மாமாவைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. உயிரோடு பார்த்தேன் என்றேன். ஆயிரக்கணக்கில் வாங்கியவர், தண்ணீருக்குள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையாம்.

"நேராவா நிக்கும்?"

"நேராத்தான் நிக்குது, மாமா."

கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பிறகு கையை நீட்டி, "எத்தனை விரக்கடை இருக்கும்?" என்றார். அவர் உள்ளங்கையில் அளந்து காட்டினேன். உதடு அசைந்தது. கிலோவுக்கு எத்தனை என்ற கணக்கு எனக்கும் மறக்கவில்லை.