வல்லத்துக் கல்லின் நீரோட்டம்

தஞ்சாவூர் வயலில் எத்தனை ஆள் ஆழம் தோண்டினாலும் களியும் மணலும்தான் வரும். பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்து வந்தது. ஆனால் திருச்சி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் வல்லம் மேட்டில் ஏறினால் மண்ணே வேறு. வண்டல் முடிந்து செம்மண் தொடங்குகிறது. மூக்குக்கண்ணாடி வில்லைக்குப் பேர்பெற்ற படிகக்கல் கிடைத்த மண் அது. மழை பெய்த மறுநாள் காலையில் அங்கே போனேன்.

ஓடை அரித்த கரையில் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. மேலே துளைதுளையாகச் செம்பாறை. கீழே மங்கிய நிறத்தில் மணற்கல்லும் சரளையும். நிலவியலாளர்கள் இதைக் கடலூர் மணற்கல் என்பார்கள். காவிரியின் இன்றைய வண்டலைவிடப் பல லட்சம் ஆண்டுகள் மூத்த படிவு. மேற்கே இருந்த பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்தபோது மற்றக் கனிமங்கள் பெரும்பாலும் களிமண்ணாக மாறின. படிகக்கல் அப்படிச் சிதையவில்லை. உருண்டு, மூலை மழுங்கி, இந்தச் சரளையில் வந்து தங்கியது. மழை கழுவிவிட்ட மண்ணில் ஒரு கூழாங்கல்லை எடுத்தேன். மேலே துருப்பிடித்தாற்போல் இருந்தது. வெயிலுக்கு நேரே பிடித்ததும் உள்ளே தண்ணீர் நிற்பதுபோல் ஒளிர்ந்தது.

அந்தக் கல்லோடு தஞ்சாவூரில் வில்லை தேய்க்கும் ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். வயது எழுபதைத் தாண்டிய பெரியவர் கல்லை வாங்கி, விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பி நீரோட்டம் பார்த்தார். “நடுவுல முறிவு ஓடுது தம்பி. சாணையில வச்சா அந்த இடத்துலயே பொளந்துடும்.” என் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. அவர் விரல் காட்டிய பிறகுதான் மயிரிழை போன்ற அந்தக் கோடு தெரிந்தது.

தேறிய கல்லை வில்லையாக அறுத்து, அரக்கில் ஒட்டி, குழிந்த இரும்புக் கிண்ணத்தில் குருந்தப்பொடியும் நீரும் விட்டுத் தேய்க்கிறார்கள். படிகத்தின் கடினம் 7, குருந்தத்தின் கடினம் 9. அதனால்தான் கல்லைக் கல் தின்கிறது. பொடியை மாற்றி மாற்றி மென்மையாக்கிக்கொண்டே போக வேண்டும். நீர் சொட்டுவது நிற்கக் கூடாது. உலர்ந்த படிகத்தூள் நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், வந்தால் தீராது.

ஆதிமனிதன் தீ மூட்டிய சக்கிமுக்கிக் கல்லும் இந்தப் படிகமும் ஒரே சிலிக்காதான். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. இதுவோ ஒரே படிகமாக ஒழுங்கு கொண்டிருக்கிறது. அந்த ஒழுங்கினால்தான் இது வெப்பத்தைக் கண்ணாடியைவிட வேகமாகக் கடத்துகிறது, தொட்டால் குளிர்கிறது. இந்தக் கல் கண்நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் எளிதில் கீறல் விழாது என்பது உண்மை. எடை குறைந்த, விலை மலிந்த பிளாஸ்டிக் வில்லை வந்த பிறகு அந்த உண்மையைத் தேடி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நான் இரண்டு போலராய்டு தாள்கள் கொண்டுபோயிருந்தேன். குறுக்கே வைத்தால் ஒளி அடைபடும். இடையில் சாதாரண கண்ணாடி வில்லையைச் செருகினால் இருட்டு மாறாது. படிக வில்லை ஒளியின் அதிர்வை மாற்றிவிடுவதால், அதைச் சற்றுச் சுழற்றினால் வெளிச்சம் வரும். கல்லும் கண்ணாடியுமாக ஐந்து வில்லைகளைக் கலந்து வைத்தேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒற்றினார். “இது கல்லு. இதுவும் கல்லு. இது கண்ணாடி.” ஐந்தையும் பிரித்து வைத்தார். தாள்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். ஐந்தும் சரி.

புறப்படும்போது தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“பேத்தி பன்னெண்டாவது படிக்கிறா தம்பி. என் கன்னத்துக்குத் தெரிஞ்சத அவ கண்ணால பாக்கட்டும்.”