ஆடி மாதத்துத் தேன்

"மார்த்தாண்டம் வரை போகிறாய், தேன் இல்லாமல் திரும்பி வராதே!" என்று பக்கத்து வீட்டு மாமி, நாங்கள் ரயிலுக்குக் கிளம்பும்போதே உத்தரவு போட்டுவிட்டாள்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். சாலையை விட்டு இறங்கினால் ரப்பர்த் தோட்டங்கள். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பால் சேர ஒரு சிரட்டை. இந்த மரங்கள்தாம் தேனுக்கும் ஆதாரம் என்று கேட்டபோது வியப்பாயிருந்தது. அதுவும் பூவிலிருந்து அல்ல! இலை உதிர்ந்து மரம் மறுபடி தளிர்க்கும்போது, மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்குமாம். மாசி, பங்குனியில் தேனீக்களுக்கு அதுதான் விருந்து.

இந்த வட்டாரத்தில் பெட்டியில் தேனீ வளர்க்கும் வழக்கத்தை 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் பரப்பினார். இன்று பலருக்கு அது தொழில். என் கணவருடைய நண்பரின் தாயாருக்கோ பொழுதுபோக்கு. கொல்லையில் மூன்றே பெட்டிகள். எறும்பு ஏறாமலிருக்க, கால்களுக்கடியில் தண்ணீர்க் கிண்ணங்கள்.

நாங்கள் போனது சித்திரை முடியும் சமயம். அம்மா புகை காட்டிப் பெட்டியைத் திறந்தார். கீழறையில் ராணியும் புழுக்களும், மேலறையில் தேன். பக்குவமான தேனைத் தேனீக்கள் மெழுகால் மூடிவிடுகின்றன. மூடாததை எடுத்தால் புளித்துப் போகும்.

முதலிரண்டு பெட்டிகளிலும் பாதிச் சட்டங்களை எடுத்துக்கொண்டு, பாதியை விட்டுவிட்டார். மூன்றாவதில் தேன் அறைகள் முழுக்க மூடியிருந்தன. நான் ஆசையோடு பாத்திரத்தை நீட்டினேன். அவரோ மூடியைத் திரும்ப வைத்துவிட்டார்!

"ஏனம்மா, எடுக்கவில்லையா?"

"இது ஆடி மாசத்துத் தேனுல்லா மக்களே! இந்தக் கூட்டத்துக்குப் பலம் போதாது. மழை பிடிச்சா இதுக எங்க போய்த் தீனி தேடும்?"

"சீனிப் பாகு கொடுத்தால் போதாதா?" என்றார் என் கணவர்.

"சாயங்காலம் சிரட்டையில பாகு ஊத்தி, முங்கிப் போகாம துரும்பும் போட்டு வைப்பேன். ஆனா அது கைமாத்துதானே? சொந்தக் கையிருப்பு ஆகுமா?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வருஷம் மவனுக்குக் காலேஜ் பணம் கட்டணும்னு, கீழறைத் தேனையும் விடாம எடுத்துட்டேன். ஆடியில ஒருநாள் காலையில பாத்தா பெட்டி காலி. பசிச்சா இதுக இருக்காது. கூட்டத்தோட பறந்து போயிரும். பணத்தைக் கட்டிட்டேன். ஆனா அந்தக் காலிப் பெட்டியைப் பாக்க மனசு கேக்கல."

ஊருக்குத் திரும்பியதும் மாமியிடம் அரைப் புட்டி தேனை நீட்டினேன். "இவ்வளவுதானா?" என்று முகத்தைச் சுளித்தாள். கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. தெற்கே நல்ல மழை என்று செய்தி வந்த அன்று மாமியே ஓடி வந்தாள். "ஏண்டி, அந்த மூன்றாவது பெட்டி என்ன ஆச்சாம்?"

உடனே டெலிபோன் செய்தேன். அம்மா குடையோடு கொல்லைக்குப் போய், பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்:

"இரைச்சல் கேக்குது மக்களே!"