கிராபிக்ஸ் கார்ட் வாங்க எங்களிடம் கேட்பவர்களுக்கு



ஓ/எல் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் இன்பொக்ஸுக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "சேர், மகன் கேமிங் கொம்பியூட்டர் கேக்குறான். எந்தக் கார்ட் நல்லம்?" ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பி அலுத்துவிட்டது. அதோடு நாங்கள் விட்ட ஒரு பிழையையும் சொல்லாமல் வைத்திருக்கிறோம். அதையும் சேர்த்துக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'எழுதுகிறோம்' என்பது மரியாதைக்கு இல்லை. நாங்கள் இரண்டு பேர். ஒரே பாடசாலையில் ஒருவர் கணிதம், மற்றவர் ஐ.சி.டி. பிழையிலும் சரிபாதி.

போன வருடத் தொடக்கத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் மாணவன் ஒருவன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாவித்த கொம்பியூட்டர் ஒன்றுக்கு விளம்பரம். நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரெம், ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ 4 ஜிபி கார்ட். கார்ட் இல்லாமல் 36,000, கார்டோடு 54,000. அவன் அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா மலையில் கொழுந்து. அவர் போட்டு வந்த சீட்டு அந்த மாதம்தான் விழுந்திருந்தது. நாங்கள் இடைவேளையில், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தோம். "4 ஜிபி இருக்கு. 1050 டிஐ நல்ல கார்ட். எடுக்கலாம்" என்றோம். அவ்வளவுதான். "சேர்மார் ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க" என்று வீட்டில் சொல்லி வாங்கிவிட்டான்.

54,000 என்பது எவ்வளவு? அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்தால் சரியாக 40. நாற்பது முழுப் பேர். நிறை குறைந்து அரைப் பேர் விழுந்த நாட்கள், மழைக்கு மலை ஏறாத நாட்கள், ஈ.பி.எஃப். கழிவு ஒன்றும் இந்தக் கணக்கில் இல்லை. வகுப்பில் வகுத்தல் படிப்பிக்கிற நாங்கள் அன்று அந்தக் கணக்கைச் செய்து பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கொம்பியூட்டரை உரச் சாக்கில் சுற்றித் த்ரீவீலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். "கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துல கறுப்பாப் போயிடுது சேர். வித்தவரு டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணாதீங்கன்னு சொன்னாரு." அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டபோதே வயிற்றில் ஏதோ செய்தது. ஜி.பி.யு.-ஸெட் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, இலவசம். அதைப் போட்டுத் திறந்தோம். கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'ஃபேக்' என்று வந்து நின்றது. இப்படிப் போலிகளைக் காட்டிக்கொடுக்கிற வசதி 2018இல் இருந்தே அதில் இருக்கிறது. உள்ளே இருந்த சிப் 2011இல் வந்த ஜி.டி.எக்ஸ். 550 டிஐயினுடையது. அதில் 192 கோர். 2016இல் வந்த உண்மையான 1050 டிஐயில் 768. உள்ளே இருப்பதை மாற்றாமல், கார்டின் பயோஸை மட்டும் மாற்றி எழுதிப் பெயரை மாற்றியிருந்தார்கள். 4 ஜிபி என்று காட்டியதும் பொய். உண்மையில் 1 ஜிபி. கேம் அதைத் தாண்டிக் கேட்கும்போது விழுந்துவிடுகிறது.

எங்களை இன்னும் சுட்டது வேறொன்று. கார்டின் பின்பக்கத்தில் நீலநிற வி.ஜி.ஏ. சொக்கெட் இருந்தது. விளம்பரப் படத்திலும் தெளிவாகத் தெரிந்தது. பையனிடம் இருந்த பழைய மொனிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும்தான் உண்டு. அதனால் "கேபிள் நேரே போகும், செலவு மிச்சம்" என்று அன்று சந்தோஷமும் பட்டோம். என்விடியாவின் 10 வரிசைக் கார்டுகளிலிருந்து அந்தப் பழைய அனலொக் வெளியீடே இல்லை. 1050 டிஐ என்று சொல்லிக்கொண்டு நீலச் சொக்கெட்டோடு ஒரு கார்ட் வந்தால், அதைக் கழற்றிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. ஐ.சி.டி. படிப்பிக்கிற கண்ணுக்கே அது தப்பிவிட்டது. விற்றவரின் ஃபோன் அன்றிலிருந்து இன்றுவரை வேலை செய்யவில்லை.

இனி, அந்த '4 ஜிபி'யைப் பார்த்து நாங்கள் ஏன் ஏமாந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கடைகளிலும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், கார்டின் மெமரி என்பது கொழுந்து மடுவம். எவ்வளவு கொழுந்து கொட்டிவைக்கலாம் என்பதுதான் ஜிபி. கோர்கள் ஃபெக்டரியில் அரைக்கிற ரோலர்கள். இரண்டுக்கும் நடுவில் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓடுகிறது. அந்த லொறியின் அளவைப் பெட்டியில் பெரிதாகப் போடமாட்டார்கள். மடுவம் எவ்வளவு பெரிதாக இருந்தும் என்ன, லொறி சின்னதென்றால் ரோலர் சும்மா நிற்கும்.

கற்பனை இல்லை, உதாரணம் இருக்கிறது. ஜி.டி. 1030 என்று ஒரே பெயரில் இரண்டு கார்ட் உண்டு. 2017இல் வந்தது ஜி.டி.டி.ஆர்.5 மெமரியோடு. விநாடிக்கு 48 ஜிபி கடத்தும். 2018இல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 மெமரியோடு இன்னொன்றை விட்டார்கள். அது கடத்துவது 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் கூட. இரண்டிலும் 2 ஜிபி என்றுதான் எழுதியிருக்கும். ஆர்.டி.எக்ஸ். 3060இலும் இப்படி நடந்தது. 12 ஜிபி கார்ட் விநாடிக்கு 360 ஜிபி, பிறகு வந்த 8 ஜிபி கார்ட் 240. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயர் வைத்த கம்பனியே குழப்பிவைத்திருக்கும்போது அவரும்தான் என்ன செய்வார். நீங்கள் 'எத்தனை ஜிபி' என்பதோடு நின்றுவிடாமல், 'எந்த மெமரி, எத்தனை பிட்' என்றும் கேளுங்கள். கேட்டாலே, தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று பேச்சு மாறும்.

கதைக்கு வருவோம். அந்தப் போலிக் கார்டைக் கழற்றினோம். உள்ளே காற்றாடி முழுக்கப் பிசுபிசுப்பான கரி. இரண்டு வாரத்தில் சேர்ந்த கரி இல்லை அது. ஆனால் விறகு அடுப்புப் புகை சுற்றுகிற லயத்து அறைகளில் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விடயம். கார்ட் இல்லாமல் ஐ5க்குள் இருக்கிற கிராபிக்ஸிலேயே ஓடவிட்டோம். ரெம் ஒற்றை 8 ஜிபி துண்டாக இருந்தது. பழையது ஒன்று தேடி இரண்டாவது துண்டாகப் போட்டதும் கேம் ஓடுவதில் வித்தியாசம் தெரிந்தது. உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரெமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு துண்டு என்றால் இரண்டு லொறி. புது லெப்டொப்களிலும் இதே கதைதான். ஐரிஸ் எக்ஸ்.ஈ. என்று ஸ்டிக்கர் ஒட்டிய சிலவற்றில் ஒற்றை ரெம் போட்டிருந்தால் விண்டோஸ் அதை வெறும் யு.எச்.டி. என்றே காட்டும்.

"அப்படியே விட்டிருக்கலாமே, கேம்தானே" என்று எங்கள் ஸ்டாஃப்ரூமிலேயே ஒருவர் சொன்னார். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பையன் கிரிக்கெட் 07 விளையாடியே கொம்பியூட்டர் பழகியவன். அதில் வீரர்களின் முகத்தையும் ஜேர்சியையும் மாற்றப் போய்த்தான் படம் வெட்ட, ஒட்டப் பழகினான். இப்போது கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வீடியோ எடிட் பண்ணிக் கேட்கிறார்கள். அதற்குக் கார்ட் வேண்டும். தவிர, ஏமாந்தது எங்கள் வாயால். கார்டுக்குப் போன 18,000ஐ நாங்கள் பாதி பாதியாகப் போடுவதென்று தீர்மானித்தோம். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. அம்மாதான் கடைசியில், "சரி சேர், நாங்களும் கொஞ்சம் போடுறோம், நல்லதா ஒண்ணு எடுங்க" என்றார்.

இந்தத் தடவை முதலில் பெட்டியைத் திறந்து அடிமட்டத்தால் அளந்தோம். பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படமெடுத்தோம். கார்டுக்குத் தனியாகக் கொடுக்கிற ஆறு பின் வயரே அதில் இல்லை. எடுக்கக்கூடிய கார்ட் எதுவென்று இதிலேயே பாதி முடிவாகிவிட்டது. மதர்போர்டின் ஸ்லொட் மட்டும் தரக்கூடியது 75 வொட். ரேடியன் ஆர்.எக்ஸ். 580 அதே காசுக்கு நல்ல வேகம் தரும், நாங்களும் ஆசைப்பட்டோம். ஆனால் அது 185 வொட் இழுக்கும். அதோடு, 2022 செப்டெம்பரில் ஈதீரியம் நாணயம் கார்ட் வைத்துத் தோண்டுகிற முறையை நிறுத்தியபோது, இரவு பகலாக ஓடிய பழைய கார்டுகள் உலகச் சந்தையெங்கும் வந்து குவிந்தன. அந்த மொடல் அதில் பேர்போனது. மிஞ்சியது இரண்டு. ஒன்று புது ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி. 70 வொட், தனி வயர் வேண்டாம், டி.எல்.எஸ்.எஸ். வசதியும் உண்டு. மற்றது பாவித்த ஜி.டி.எக்ஸ். 1650, 75 வொட். 3050 நிச்சயமாக நல்லது. ஆனால் விலை இரண்டு மடங்கு, அதன் முழு வேகத்தையும் இந்தப் பழைய ஐ5 வாங்கப்போவதில்லை. மெஷினையே மாற்றுகிற நாள் வந்தால் அப்போது பார்க்கலாம் என்று 1650க்கு வந்தோம்.

காலை ஐந்து மணி பஸ்ஸில் அவிசாவளை வழியாகக் கொழும்பு. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கினோம். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அந்த வருட மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் வெட் வரி 15இலிருந்து 18 வீதமானது. புதுக் கார்டின் விலையைக் கேட்டு எதிரே நின்ற ஆட்களெல்லாம் பாவித்த கார்ட் பக்கம் திரும்புவது ஏனென்று அங்கே நின்றால் விளங்கும். எங்களுக்குக் கிடைத்தது ஜி.டி.டி.ஆர்.6 மெமரியோடு வந்த 1650. அதே பெயரில் ஜி.டி.டி.ஆர்.5உம் உண்டு. முதலாவது விநாடிக்கு 192 ஜிபி, இரண்டாவது 128. கடைக்காரரின் மெஷினில் போட்டு, ஜி.பி.யு.-ஸெட் திறந்து, கேம் ஒன்றை அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே 32,000ஐக் கொடுத்தோம். மொனிட்டருக்கு ஒரு எச்.டி.எம்.ஐ. மாற்றியும் வாங்க வேண்டியிருந்தது. நீலச் சொக்கெட் இல்லையே.

வெளிநாட்டில் இருக்கிற நானாமார் லெப்டொப் பற்றிக் கேட்கிறீர்கள். லெப்டொப்பில் கார்டைப் பிறகு மாற்ற முடியாது, ஆகவே இன்னும் கவனம். டோஹாவிலிருந்து ஒரு நானா இரண்டு படம் அனுப்பினார். இரண்டிலும் ஆர்.டி.எக்ஸ். 4060, 8 ஜிபி. மெல்லியது விலை குறைவு, தடித்தது கூட. "மெல்லியதை எடுக்கவா?" லெப்டொப் 4060க்கு 35 வொட்டிலிருந்து 115 வொட் வரை கம்பனி எவ்வளவும் கொடுக்கலாம். மெல்லிய உடம்பு சூட்டைத் தாங்காது என்பதால் குறைத்துக் கொடுப்பார்கள். பெயர் ஒன்று, வேகம் வேறு. என்விடியா கொன்ட்ரோல் பெனலில் சிஸ்டம் இன்ஃபொர்மேஷனைத் திறந்தால் உச்ச வொட் எவ்வளவு என்று இருக்கும். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். மேசைக் கொம்பியூட்டரின் 4070ஐ லெப்டொப் 4070 என்றும் நினைக்காதீர்கள். அதில் 5,888 கோர், 12 ஜிபி. லெப்டொப்பில் 4,608 கோர், 8 ஜிபி. எங்கள் அபிப்பிராயத்தில் லெப்டொப் 4070க்குக் கூடக் கொடுக்கிற காசு, நல்ல வொட் உள்ள 4060இல் மிச்சமாகும். கரண்ட் போனாலும் விளையாடலாம் என்று லெப்டொப் கேட்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: பெட்டரியில் அந்தக் கார்ட் முழு வேகத்தில் ஓடாது. அரபு எழுத்துக் கீபோர்டைப் பற்றி எங்களிடம் முறையிட வேண்டாம்.

தோட்டப் பக்கத்துப் பெற்றோருக்கு இன்னும் ஒன்று. இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கார்டுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல பவர் சப்ளையும் யு.பி.எஸ்ஸும் எடுங்கள்.

பையன் வீட்டில் கார்டைப் பூட்டிக் கொடுத்த அன்று, அவன் அம்மா மலையால் வந்து, கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். "இந்தச் சாமான் எத்தன பேரு சேர்?" என்று கேட்டார். எத்தனை நாள் உழைப்பு என்கிறார். "இருபத்துநாலு பேர் வரும்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

அந்தப் போலிக் கார்ட் இப்போது எங்கள் ஐ.சி.டி. அறை மேசையில் கிடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். போன வாரம் அதில் ஒருத்தன் ஃபோனில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தான். 1050 டிஐ, 4 ஜிபி, அவசர விற்பனை. நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவனே படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கார்டின் பின்பக்கத்துக்கு நகர்த்தினான்.

நீலம் இருந்தது.